கம்ப்யூட்டர் திறக்கவில்லையா? உடனே ஃபார்மேட் செய்ய வேண்டாம்!

இடம் போதவில்லை என்று ‘விண்டோஸ்’ ஃபோல்டரில் இருந்த ஃபைல்களை அழித்துவிட்டீர்கள். இப்போது கம்ப்யூட்டர் திறக்க மாட்டேன் என்கிறதா? பயப்பட வேண்டாம். கெட்டுப்போனது பெரும்பாலும் விண்டோஸ் மட்டும்தான். நீங்கள் சேமித்த சான்றிதழ்களும் போட்டோக்களும் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ஃபார்மேட் செய்தால்தான் அவை போய்விடும்.

விண்டோஸ் 10, 11-இல் இப்படிச் செய்து பாருங்கள்:

1. ஆன் செய்து, லோகோ தெரிந்ததும் பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுநீக்கும் திரை தானாக வரும்.

2. ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ சென்று, முதலில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ கொடுங்கள்.

3. சரியாகவில்லை என்றால் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’. ஃபைல்களை அழிப்பதற்கு முந்தைய தேதி இருந்தால் அதைத் தேர்வு செய்யுங்கள். உங்கள் ஆவணங்கள் மாறாது. அந்தத் தேதிக்குப் பின் போட்ட புரோகிராம்கள் மட்டும் நீங்கிவிடும்.

4. கடைசி வழி, ‘ரீசெட் திஸ் பிசி’. அதில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பதையே தேர்வு செய்யுங்கள். புரோகிராம்களை மறுபடி போட வேண்டியிருக்கும்.

நடுவில் 48 இலக்க பிட்லாக்கர் எண் கேட்டால், செல்போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும்.

கடைக்குக் கொண்டுபோனால், “முதல்ல ஃபைல்களை காப்பி எடுங்க, அப்புறம் ஃபார்மேட் பண்ணுங்க” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.