போத்தனூர்: இருப்புப்பாதை வளர்த்த ஊர்

கோவை நகரின் தெற்கே, ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது போத்தனூர். கோவைக்கு வரும் பயணியருள் பலர் இவ்வூரைக் கவனியாமலே கடந்துவிடுகின்றனர். ஆயினும், கோவைக்கு இரயிலில் வர விரும்பியோர் போத்தனூரில் இறங்கி, அங்கிருந்து வேறு வழியில் நகரை அடைந்த காலமும் ஒன்று இருந்தது.

மேற்குத்தொடர்ச்சி மலையில் இயற்கையாக அமைந்த இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். சென்னையை அரபிக்கடற்கரையிலுள்ள பேப்பூருடன் இணைக்க முனைந்த மதராஸ் இரயில்வே நிறுவனம், மலையேறாமல் செல்ல இக்கணவாயைத் தேர்ந்தெடுத்தது. 1862இல் பாதை நிறைவுற்றது. கணவாயை நோக்கிய நேர்வழியில் போத்தனூர் இருந்தது. கோவையோ சற்று வடக்கே ஒதுங்கியிருந்தது. அதனால் நகரம் விடுபட, சிற்றூர் நிலையமாயிற்று. 1873இல் மேட்டுப்பாளையத்திற்குக் கிளைப்பாதை அமைந்தபோதே கோவைக்கு இரயில் வந்தது. அதுவும் போத்தனூரிலிருந்து பிரிந்த கிளையே!

1915இல் பொள்ளாச்சிக்கு மீட்டர் பாதை திறக்கப்பட்டது. அகலப்பாதையின் பெட்டி மீட்டர் பாதையில் ஓடாது; சரக்கை ஒன்றிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றியாக வேண்டும். இத்தகைய இடையூறுகளே சந்திப்பு ஊர்களில் பலருக்குப் பிழைப்பைத் தந்தன. இரயில்வே குடியிருப்பு வளர்ந்தது. அங்கு வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஊருக்குத் தனித்த சாயலை அளித்தன. அவற்றுள் பல, விடுதலைக்குப்பின் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தன.

இவ்வூரின் நிலையம் கொடுந்துயர் ஒன்றையும் கண்டது. 1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியில் கைதானவர்களைத் திரூரில் காற்றோட்டமற்ற சரக்குப் பெட்டியில் அடைத்து, பெல்லாரிச் சிறைக்கு அனுப்பினர். போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பெரும்பாலோர் மூச்சுத்திணறி மாண்டு கிடந்தனர். இந்நிகழ்வில் உயிரிழந்தோர் ஏறத்தாழ எழுபது பேர். மனிதரைச் சரக்காக எண்ணிய ஆட்சியின் இழிசெயல் அது.

இதற்கிடையே கோவை வளர்ந்தது. 1888இல் தொடங்கிய நூற்பாலைத் தொழில், பைக்காரா மின்சாரம் வந்த 1930களில் விரைந்து பெருகியது. ஆலைகள் நிறைந்த நகரைத் தவிர்த்துவிட்டு முதன்மை வண்டிகள் செல்வது இனிப் பொருந்தவில்லை. இருகூரிலிருந்து கோவைக்கு நேர்ப்பாதை அமைந்ததும், சென்னை வண்டிகள் நகருக்குள் நுழைந்து, பின்னரே போத்தனூரைத் தொட்டன. முதன்மைச் சந்திப்பு இடைநிலையமாயிற்று. 1956இல் இரயில்வே கோட்டத் தலைமையிடமும் பாலக்காட்டிற்கு மாறியது. அலுவலகம் நகர்ந்தால் ஊரின் கடைவீதியும் சற்றே வாடும். போத்தனூரில் நிலைத்தது சைகைக் கருவிகள் செய்யும் பணிமனை. கொங்கு மண்ணின் ஆலைக்கூலிகளைப் போலவே, அதன் தொழிலாளரும் சங்கு ஒலிக்கு எழுந்து பழகினர்.

மீட்டர் பாதை அகலப்பாதையாகி, பொள்ளாச்சி வண்டிகள் 2017இல் மீண்டும் ஓடின. கோவை நிலையத்தில் இடநெருக்கடி மிகுந்ததால், போத்தனூரை நகரின் இரண்டாம் முனையமாக வளர்க்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்துள்ளது. கேரளத்திற்குச் செல்லும் சில வண்டிகள் பழைய நேர்வழியில், கோவைக்குள் நுழையாமல், போத்தனூர் வழியே செல்கின்றன. அவை நகருக்குள் வர வேண்டும் என்று கோவை மக்கள் இன்றும் முறையிடுகின்றனர்.