மாடி நீர் அறைக்குள் இறங்குவது ஏன்?

மொட்டை மாடியில் வாட்டம் செவ்வனே அமைந்திருந்தும், கீழறையின் கூரையில் ஈரக்கறை பெரும்பாலும் மழைநீர்க் குழாயின் வாயருகிலேயே முதலில் படர்வதைக் கண்டு வியப்பவர் பலர். தளத்து நீரெல்லாம் வந்து கூடுகிற அவ்விடத்திலேதான் கான்கிரீட்டும் பி.வி.சி. குழாயும் சந்திக்கின்றன. வெயிலில் குழாய் கான்கிரீட்டைவிடச் சுமார் 5 மடங்கு விரிந்து இரவில் சுருங்குவதால், இடையிலுள்ள சிமெண்டுப் பூச்சு மயிரிழையாகப் பிளந்து, அவ்விழை வழியே நீர் பிரவேசிக்கிறது.

இதனினும் சூட்சுமமானது ஒன்றுண்டு. தட்டோட்டின்மேல் ஓடுவது ஒரு நீர். அதன் இணைப்புகளில் கசிந்து, அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலத்தின்மேல் மெல்ல நகர்வது மற்றொரு நீர். பின்னதைக் கொத்தனார்கள் மறந்துவிடுகிறார்கள். படலம் குழாய்வாயின் விளிம்போடு நின்றுவிடாமல், அதனுள்ளே மடங்கிச் சில அங்குலமாவது இறங்கினாலன்றி, அந்நீர் குழாய்க்கும் தளத்துக்கும் நடுவே வழி தேடிக்கொள்ளும்.

பரிசோதனை எளிது: குழாய்வாயைத் துணியுருண்டையால் அடைத்து, இரண்டங்குலம் நீர் கட்டி, ஒருநாள் கழித்துக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் இதைத் தட்டோடு பதித்த பிறகே செய்தார்கள். பதித்ததையெல்லாம் பெயர்க்க நேர்ந்தது.