ஒரு குப்பி எச்சிலும் மூன்றுவிட்ட சொந்தங்களும்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2012-இல் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது, முதுகெலும்பு வளைந்த எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. 1485-இல் போர்க்களத்தில் மாண்ட மன்னர் மூன்றாம் ரிச்சர்டாக இருக்குமோ? மன்னருக்கு நேர் வாரிசு யாரும் மிஞ்சவில்லை. ஆனால் அவருடைய அக்கா ஆனிடமிருந்து பெண் வழியாகவே இறங்கிவந்த கிளையில், 17 தலைமுறை தள்ளி ஒருவர் இருந்தார்: லண்டனில் மரச்சாமான் செய்யும் மைக்கேல் இப்சன். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அப்படியே பொருந்தியது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமோ, ஆண் வழி உறவினர்களோடு பொருந்தவில்லை. நடுவில் எங்கோ, ஏட்டில் இருக்கும் அப்பா ஒருவர், பெற்றவர் வேறொருவர்.

இவை இரண்டும் ஒற்றைக் கோட்டை மட்டும் காட்டும் சோதனைகள். குடும்ப வரலாறு தேடுவோர் இன்று பெரும்பாலும் செய்வது வேறு. ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ் போன்ற நிறுவனங்கள் எச்சிலையோ கன்னத்தின் உட்புறம் துடைத்த பஞ்சையோ வாங்கி, பால் குரோமோசோம் ஜோடி போக மீதமுள்ள 22 ஜோடி குரோமோசோம்களை ஆராய்கின்றன. இரண்டு பேரிடம் ஒன்றுபோல் இருக்கும் துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, சென்டிமார்கன் என்ற அளவில் சொல்கின்றன.

தாத்தா பாட்டி பொதுவாக உள்ள ஒன்றுவிட்ட சகோதரர்களுக்குச் சராசரியாக 12.5 சதவீதம் பொருந்தும். கொள்ளுத்தாத்தா பாட்டி பொதுவாக உள்ள இரண்டுவிட்டவர்கள் என்றால் சுமார் 3 சதவீதம். எள்ளுத்தாத்தா பாட்டி பொதுவாக உள்ள மூன்றுவிட்டவர்கள் என்றால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ. சீட்டுக்கட்டுபோல் கலைந்து வருவதால், தூரத்து உறவில் ஒரு துண்டுகூட மிஞ்சாமல் போவதுண்டு. மூன்றுவிட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கும், நான்குவிட்டவர்களில் சுமார் பாதிப் பேருக்கும் இதுதான் நிலை. பொருந்தவில்லை என்பதால் உறவில்லை என்று ஆகிவிடாது. வீட்டில் மூத்தவரை முதலில் சோதிக்கச் சொல்வதும் இதனால்தான். பேத்திக்கு வந்து சேராத துண்டுகள் பாட்டியிடம் இருக்கும்.

பொருந்தினாலும் வேலை முடிவதில்லை. சுமார் 25 சதவீதம் என்றால் அவர் தாத்தாவாக இருக்கலாம், தாய்மாமனாக இருக்கலாம், தாயோ தந்தையோ மட்டும் பொதுவாக உள்ள அண்ணனாகவும் இருக்கலாம். வயதும் ஆவணங்களும்தான் தீர்ப்புச் சொல்லும். அம்மா வழியில் நன்கு தெரிந்த ஒருவரையும் சோதித்துவிட்டால், அவரோடும் பொருந்துகிறவர்கள் அந்தப் பக்கத்தார் என்று பிரித்துவிடலாம்.

தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள்ளேயே மணம் முடித்த வீடுகளில், ஒரே முன்னோர் இரண்டு மூன்று வழிகளில் வந்து சேர்வார்கள். அதனால் மூன்றுவிட்டவர் இரண்டுவிட்டவர்போல் தெரிவார். தங்களுக்குள்ளேயே மணந்துவந்த அஷ்கெனாசி யூதர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. அனுபவமுள்ளவர்கள் மொத்த அளவோடு நிற்காமல், ஆக நீளமான துண்டு எவ்வளவு என்றும் பார்ப்பார்கள்.

கடல் கடந்து போன கிளைகளைத் தேடுவோருக்கு ஏடும் உதவும். 1860 நவம்பர் 16 அன்று, ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து, டர்பன் இருக்கும் நட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கப்பல் பதிவேடுகளில் தகப்பன் பெயரும் ஊரும் இருப்பதால், அவர்களின் கொள்ளுப்பேரர்கள் ஏட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்வரை வந்துவிடலாம். டி.என்.ஏ. வழியில் வர, ஊரில் தங்கிவிட்ட கிளையிலும் ஒருவர் சோதித்திருக்க வேண்டும்.

சோதிக்காதவரும் இந்த வலையில் சிக்குவார். 1970-களிலும் 80-களிலும் கலிஃபோர்னியாவை நடுங்கவைத்த தொடர் கொலைகாரர் ஜோசப் டிஏஞ்சலோ 2018-இல் பிடிபட்டது, தூரத்துச் சொந்தங்களின் டி.என்.ஏ. வழியாகத்தான். 2023-இல் 23அண்ட்மீ என்ற டி.என்.ஏ. சோதனை நிறுவனத்தில் சுமார் 14,000 கணக்குகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். உறவினர் பட்டியல் வசதி வழியாக ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. தங்கள் தரவுகளை அழிக்கச் சொல்லவும், சேமித்த எச்சில் மாதிரியை ஒழிக்கச் சொல்லவும் வாடிக்கையாளர்களுக்கு உரிமை உண்டு என்று கலிஃபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் அப்போது நினைவூட்டினார்.