இடர்க்காலத்தில் இளையோர் பணி

இளைஞரைத் திருச்சபையின் நாளைய தூண்கள் என்று அழைப்பது நம்மிடையே வழக்கம். வாலிபர் ஞாயிறன்று இத்தொடர் ஒலிக்காத பிரசங்க பீடங்கள் சிலவே. ஆயினும், நாளைக்கென ஒதுக்கி வைக்கப்பட்டவருக்கு இன்று பணி ஏதுமில்லை என்னும் பொருள் அதனுள் மறைந்திருக்கிறது. கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு இக்கருத்தை ஆராய விழைகிறோம்.

1. பரங்கிப்பேட்டையில் நிகழ்ந்தது

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா தீவுக்கு அருகே காலை 6.29 மணியளவில் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, நம் ஆலயங்களில் பலர் ஆராதனைக்குக் கூடிய வேளையில் தமிழகக் கரையைத் தாக்கிற்று. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, புதுக்குப்பம், கிள்ளைக்கு அருகிலுள்ள எம்.ஜி.ஆர். திட்டு முதலிய மீனவர் ஊர்கள் பேரழிவுக்குள்ளாயின.

வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த பரங்கிப்பேட்டை, போர்ட்டோ நோவோ என வரலாற்றில் வழங்கும் பழைய துறைமுகம். இஸ்லாமியர் மிகுதியாக வாழும் ஊர். அன்று அங்கு ஒரு திருமண விருந்துக்காக உணவு சமைக்கப்பட்டிருந்தது. அலையின் செய்தி எட்டியதும் அவ்வுணவு, உயிர் தப்பி ஓடிவந்த மீனவக் குடும்பங்களுக்குப் பரிமாறப்பட்டது. ஜமாஅத்தைச் சேர்ந்த இளைஞர் கரைக்கு விரைந்து மீட்புப் பணியில் ஈடுபட்டனர். இறந்தோரின் உடல்களைத் தேடி எடுத்தனர். அதன் பின்னும் பல நாள்கள் ஜமாஅத்தின் அடுப்புகள் அணையவில்லை. உண்டோரில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள்.

இத்துணை விரைவாகச் செயற்பட அவர்களுக்கு எவ்வாறு இயன்றது? ஜமாஅத் ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்திருக்கும் அமைப்பு. யாரை அழைப்பது என்று தேடவேண்டியதில்லை. பெருவிருந்துக்கு வேண்டிய அண்டாக்களும் தேக்சாக்களும் ஊரிலேயே இருந்தன. இளைஞரோ சிறு வயது முதல் திருமணப் பந்திகளில் ஓடியாடிப் பரிமாறிப் பழகியவர்கள். இன்பநாளில் கற்ற பழக்கமே துன்பநாளில் தொண்டாயிற்று என்று கருதுகிறோம்.

2. யூத மரபு கற்பிப்பது

யூத மரபில் ஆண்பிள்ளை பதின்மூன்று வயதில் திருச்சட்டத்தின் கடமைகளை ஏற்கிறான். அந்த வயதிலேயே அவன் சமூகத்தின் பொறுப்புள்ள உறுப்பினனாக எண்ணப்படுகிறான். பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்திருந்ததை (லூக்கா 2:41-52) இப்பின்னணியில் வாசித்தல் நலம்.

அம்மரபின் கோட்பாடுகள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. உயிரைக் காத்தல் ஓய்வுநாளையும் விஞ்சிய கடமை என்பது ஒன்று. இதனை ரபிமார் ‘பிக்குவாஹ் நெஃபெஷ்’ என்பர். இறந்தோரை அடக்கம் செய்வதே உண்மையான இரக்கம் என்பது மற்றொன்று. ஏனெனில் இறந்தவர் கைம்மாறு செய்ய இயலாதவர். ஓய்வுநாளில் உயிரைக் காப்பது தகுமோ என்று இயேசு எழுப்பிய வினா (மாற்கு 3:1-6) இம்மரபுக்குப் புறம்பானதன்று; அதற்குள்ளிருந்தே எழுந்தது. யூத சமயம் முழுவதையும் இரக்கமற்ற சட்டவாதம் என்று நம் பிரசங்கங்களில் சித்திரிப்பது திருத்தப்படவேண்டிய பிழையாகும்.

3. நமக்குரிய எச்சரிக்கைகள்

முதலாவது, பிறருக்கு இடும் சோறு தூண்டிலாகலாகாது. பரங்கிப்பேட்டையில் பசித்தோரிடம் சமயம் கேட்கப்படவில்லை. பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கும் தொண்டு தன் பெயரை இழந்துவிடுகிறது.

இரண்டாவது, சாதி. ஆழிப்பேரலைக்குப் பின் சில இடங்களில் முகாம்களிலும் நிவாரண வழங்கலிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டமை பதிவாகியுள்ளது. நம் சபைகளும் இந்நோயினின்று விடுபட்டவை அல்ல. நம் வாலிபர் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் நின்றுவிடுகின்றனர் என்பதை ஆயர் கவனித்தல் வேண்டும்.

மூன்றாவது, இளையோரின் உள்ளம். பள்ளிப் பருவத்தினரை ஆழ்நீருக்கோ, உடல்களை மீட்பதற்கோ அனுப்புதல் தகாது. அவர்களுக்கு உணவு பொதிதல், பெயர்ப் பதிவு, குழந்தைகளுக்குத் துணையிருத்தல் முதலிய பணிகள் உண்டு. மரணத்தை அருகே கண்டு திரும்பும் மூத்த இளைஞரின் பேச்சையும் மௌனத்தையும் பொறுமையோடு கேட்பது ஆயரின் மேய்ப்புப் பணியைச் சேர்ந்ததே.

4. சபைகள் செய்யத்தக்கவை

இடர்கள் இக்கரைக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2015 நவம்பரில் பெருவெள்ளம் அதே மாவட்டத்தை மூழ்கடித்தது. ஆகவே ஆயத்தம் இடருக்கு முன்னரே தொடங்கவேண்டும். தனித்து வாழும் முதியோர் யார், நீந்தத் தெரிந்தவர் யார், ஆலயத்தின் பெரிய பாத்திரங்கள் எங்குள்ளன, பள்ளிக் கட்டடத்தின் சாவி யாரிடம் உள்ளது என்பவற்றை வாலிபர் சங்கமே ஏடொன்றில் எழுதி ஆண்டுதோறும் திருத்தலாம். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்துள்ள நம் மாணாக்கரின் பயிற்சியையும் சபை பயன்படுத்திக்கொள்ளலாம்.

அனைத்துக்கும் மேலாக, ஒரு வினாவுக்குச் சபைக்குழு இன்றே விடை கூறவேண்டும். ஞாயிறு ஆராதனை நடுவே கடல் கரையேறிற்று என்ற செய்தி வந்தால், ஆசீர்வாதம் கூறி மக்களை அனுப்புவோமா, அல்லது நிகழ்ச்சிநிரலை முடித்துவிட்டுத்தான் செல்வோமா?

நல்ல சமாரியன் உவமையில் (லூக்கா 10:25-37) ஆலயப் பணியாளர் இருவர் விலகிச் சென்றனர். இரக்கம் செய்தவன் அயல் சமயத்தான். அவ்வுவமையை நாம் பன்முறை போதித்திருக்கிறோம். பரங்கிப்பேட்டையின் இளைஞர் முன் நாம் போதகராக அன்று, நியாயசாஸ்திரி நின்ற இடத்தில் கேட்போராக நிற்கிறோம். அவ்வாறே செய்யுமாறு அவனுக்குக் கிடைத்த கட்டளை நமக்கும் உரியது. அதனை நம் இளையோருக்கு நாளைக்கென்று தள்ளிவைக்க நமக்கு உரிமையில்லை.