கிளைட் ஆற்றங்கரையில் ஒரு பஞ்சாலை ஊர்

ஓர் ஊரின் பரப்பு, மண்வளம், மக்கள்தொகை, தொழில், காணத்தக்க இடங்கள் ஆகியவற்றைத் தொகுத்துக் கூறும் நூல்களைக் கெசட்டியர் என்பர். இவை பெரும்பாலும் அரசாங்க அலுவலகங்களில் உருவாகும். ஸ்காட்லாந்தின் முதற்பெருந்தொகுதியோ பாதிரிமார் வீடுகளில் உருவாயிற்று. 1790-ஆம் ஆண்டில் சர் ஜான் சின்கிளேர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர், நூற்றறுபது வினாக்களுக்கு மேல் அச்சிட்டு, அந்நாட்டின் 900-க்கும் மேற்பட்ட திருச்சபை வட்டாரங்களின் பாதிரிமாருக்கு அனுப்பினார். மக்கள் துய்க்கும் இன்பத்தின் அளவை அறிவதே புள்ளிவிவரத்தின் நோக்கம் என்பது அவர் கொள்கை. விடை எழுதாதோர்க்கு மீண்டும் மீண்டும் மடல் விடுத்து, இறுதியில் ஆட்களையும் அனுப்பி, 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளை வெளியிட்டார்.

அவற்றுள் லானார்க் வட்டாரத்தைப் பற்றி எழுதியவர் வில்லியம் லாக்ஹார்ட் என்னும் பாதிரியார். அவ்வூருக்கு ஒரு மைல் தெற்கே, கிளைட் ஆறு அருவிகளாய் விழும் பள்ளத்தாக்கில், டேவிட் டேல் என்னும் வணிகர் 1785-இல் பஞ்சாலை கட்டத் தொடங்கியிருந்தார். பாறையைக் குடைந்து ஏறத்தாழ 100 கஜத்துக்குச் சுரங்க வழி அமைத்து, ஆற்று நீரை ஆலைச் சக்கரங்களுக்குக் கொணர்ந்தனர். அதுவே நியூ லானார்க்.

நீர் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. வைகறை முதல் இரவு வரை ஆலைக்குள் அடைபட்டுக் கிடக்க அவ்வட்டாரத்து உழவர்கள் விரும்பவில்லை. 1791-இல் ஸ்கை தீவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மக்களை ஏற்றிச்சென்ற கப்பலொன்று புயலில் சிக்கிக் கிரீனாக் துறையில் ஒதுங்கியது. கையறு நிலையில் கரையேறிய அவர்களுக்கு டேல் உடனே வேலை தர முன்வந்தார், பெரும்பாலோர் ஏற்றனர். அமெரிக்காவுக்குப் புறப்பட்டவர்கள் கிளைட் பள்ளத்தாக்கில் நூல் நூற்றனர்!

எஞ்சிய குறையைத் தீர்த்தவர்கள் குழந்தைகள். 1793-இல் ஆலையில் இருந்த 1,157 பேரில் ஏறத்தாழ 800 பேர் சிறுவர் சிறுமியர். அவர்களுள் பலர் எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் அனாதை விடுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு உணவும் உடையும் உறையுளும் கல்வியும் அளிக்கப்பட்டதைப் பாதிரியார் மனமுவந்து பாராட்டுகிறார். அவர் பொய் கூறினாரல்லர்; அக்கால ஆலைகள் பலவற்றில் இவை இல்லை. ஆயினும் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். வேலை காலை 6 மணிக்குத் தொடங்கி மாலை 7 மணிக்கு முடியும். இடையில் உணவுக்கு ஒன்றரை மணி நேரம். பள்ளி தொடங்குவதோ மாலை 7 மணிக்கு!

1800-இல் ஆலை நிருவாகத்தை ஏற்ற இராபர்ட் ஓவன், இதே குழந்தைகளைப் பற்றி 1813-இல் எழுதினார். டேலின் நல்லெண்ணத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் நெடுநேர உழைப்பால் பலர் உடலும் உள்ளமும் குன்றிப்போயினர், சிலர் அங்கம் கோணினர், களைத்தபின் கற்ற கல்வி பயன்படவில்லை என்றார். ஓவனையும் அப்படியே நம்பிவிட முடியாது. தாம் செய்த சீர்திருத்தத்தை எடுத்துக்காட்ட வந்தவருக்குப் பழைய நிலை இருளாகவே தோன்றும். எனினும், ஆலையை உள்ளிருந்து பார்த்தவர் அவர். அனாதைக் குழந்தைகளைத் தருவிப்பதை நிறுத்தி, பத்து வயதுக்குட்பட்டோரை வேலையிலிருந்து விலக்கியவரும் அவரே.

அடுத்து 1834 முதல் 1845 வரை 15 தொகுதிகளில் வெளிவந்த இரண்டாம் விவரணமும் பாதிரிமார் எழுதியதே. 1882-85-இல் வெளியான குரூமின் கெசட்டியரோ ஒரே பதிப்பாசிரியரின் கீழ் அகரவரிசையில் அமைந்தது. ஊரைத் தேடிப்பிடிக்க அதுவே எளிது. ஆனால் ஊரில் வாழ்ந்தவரின் குரலைக் கேட்க முதல் தொகுதிக்கே செல்லவேண்டும்.

ஆலை 1968-இல் மூடப்பட்டது. 2001-இல் நியூ லானார்க் உலக மரபுச் சின்னமாயிற்று. கெசட்டியர்கள் புகழ்ந்த கோரா லின் அருவி இன்றும் 80 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுகிறது. ஆனால் 1927 முதல் ஆற்று நீரின் பெரும்பகுதி மின் நிலையத்துக்குத் திருப்பப்படுகிறது. மின் நிலையத்தை நிறுத்திவைக்கும் சில நாள்களில் மட்டுமே, அந்நூல்கள் வருணித்த முழு வெள்ளத்தையும் காண இயலும்.