கண் சிரிக்காத சிரிப்பு

நடுவர் அவர்களே! கண்ணீரைக் கட்சியாக வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்திருக்கும் பேராசிரிய நண்பர்களே! வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

நான் ஜவ்வாது மலை அடிவாரத்து ஆலங்காயத்துக்காரன். எங்க ஊரிலிருந்து மலையேறினா காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வுக் கூடம் இருக்கு. 1986-லிருந்து 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி ஒன்று அங்கே வானத்தைப் பார்த்துக்கிட்டிருக்கு. எட்டாத நட்சத்திரத்தைப் பார்க்க அவ்வளவு பெரிய கண்ணாடி செய்துட்டான் மனுஷன். ஆனா, ஒரே பாயில் பக்கத்துல படுத்திருக்கிறவர் மனசுல என்ன இருக்குன்னு பார்க்க என்ன கண்ணாடி இருக்கு? நல்ல நடிகனின் சிரிப்புதான் அந்தக் கண்ணாடி என்று சொல்ல வந்திருக்கிறேன். (கைதட்டல்)

ஒரு பாத்திரத்தின் வேதனையை நம் நெஞ்சில் இறக்குவது நடிகனின் கண்ணீரா, சிரிப்பா? இதுதானே தலைப்பு? எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "அழுதாத்தானே வலி தெரியும்? சிரிச்சா சந்தோஷமா இருக்கான்னுதானே அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள்.

அம்மா, நான் தமிழ் வாத்தியார். தொல்காப்பியரைத்தான் துணைக்குக் கூப்பிடுவேன். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் வைத்திருக்கிறார். உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடு சொல்கிறார். முதலில் வைத்தது நகை, அதாவது சிரிப்பு. இரண்டாவதாக வைத்தது அழுகை. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு! நடுவே ஒரே சுவர்! இந்த வீட்டில் பேசினா அந்த வீட்டில் கேட்கும். (சிரிப்பு) சரி, சந்தோஷம் எங்கே? அதற்கு உவகை என்று தனிப் பெயர் வைத்து, எட்டாவதாக, தெருக்கோடியில் குடிவைத்திருக்கிறார். சிரிப்பு வேறு, சந்தோஷம் வேறு. இதை அந்தக் காலத்திலேயே பிரித்து வைத்துவிட்டார்கள் நம் முன்னோர்.

இனி உடம்பைப் பார்ப்போம். சிரிக்கும்போது மூச்சு வெளியே போகிறது. துண்டு துண்டாக, ஹ... ஹ... ஹ... என்று போகிறது. விம்மும்போது மூச்சு வெட்டி வெட்டி உள்ளே இழுக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்று ஒரு தசை இருக்கிறதே, இரண்டு வேலையும் அதற்குத்தான். இந்த நுட்பம் தெரிந்த நடிகன் என்ன செய்வான்? சிரித்துக்கொண்டே வருவான். கடைசிச் சிரிப்பு முடிகிற இடத்தில் மூச்சை ஒரே ஒரு தடவை வெடுக்கென்று உள்ளே இழுப்பான். அவ்வளவுதான். கொட்டகையில் பாதிப் பேர் முந்தானையைத் தேடுவார்கள். மீதிப் பேர் கண்ணில் தூசி விழுந்த மாதிரி துடைப்பார்கள். (சிரிப்பு)

அடுத்தது கண். துஷேன் என்று ஒரு பிரெஞ்சு மருத்துவர். முகத்தின் தசைகளுக்கு மின்சாரம் கொடுத்து ஆராய்ந்து, 1862-ல் ஒரு நூல் எழுதினார். வாயோரத்தை மேலே இழுக்கிற தசை நாம் சொன்னபடி கேட்கும். ஆனால் கண்ணைச் சுற்றியுள்ள தசை, மனசு உண்மையாக மகிழ்ந்தால்தான் சிரிப்பில் சேரும் என்றார். வாயை மட்டும் சிரிக்கவிட்டுக் கண்ணைச் சேரவிடாமல் வைத்திருந்தால் போதும், பார்க்கிறவனுக்கு அங்கேயே வயிற்றைப் பிசையும்.

மூன்றாவது, அளவு. ஒரு வேடிக்கைக்கு இவ்வளவு நேரம் சிரிக்கலாம் என்று நம் எல்லோருக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைத் தாண்டியும் ஒருவன் சிரித்துக்கொண்டே இருந்தா என்ன நினைக்கிறோம்? "என்னமோ ஆயிடுச்சுப்பா இவனுக்கு" என்கிறோம் அல்லவா?

மூச்சு, கண், அளவு. இந்த மூன்றும் கைவந்த ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். தாராபுரத்தில் பிறந்த நாகேஷ். 2009-ல் நம்மை விட்டுப் போனார். ரயில்வேயில் வேலை பார்த்தபோது ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலிக்காரன் வேஷம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்தச் சின்ன வேஷத்தைத்தான் மேடையில் பாராட்டினார். பாருங்க, அந்தக் கலைஞன் பேர் வாங்கியதே வலியை வைத்துச் சிரிக்க வைத்துத்தான்!

1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' பார்த்திருப்பீர்கள். கே. பாலசந்தர் கதை வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். ஓட்டலில் தட்டு சுமந்தவன் பெரிய நகைச்சுவை நடிகனாகிறான். அவன் மனசில் வைத்திருந்த பெண்ணோ அவனுடைய நண்பனை விரும்புகிறாள். அது தெரிந்த பிறகும் சிரிக்கிறான். பெற்ற தாய் உயிருக்குப் போராடும்போது அவன் படப்பிடிப்பில் இருக்கிறான். ஊரைச் சிரிக்க வைப்பது அவன் தொழில். அந்தத் தொழில் அவனிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டது என்று அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

அடுத்த வருஷமே, 1965-ல், பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி'. நாகேஷ் அதில் சேது என்ற நோயாளி. வார்டையே சிரிக்க வைக்கிறான். அவன் பிழைக்கமாட்டான் என்பது நமக்குத் தெரிகிறது. அவன் சிரிக்கச் சிரிக்க, நமக்குத் தொண்டை அடைக்கிறது. அவன் அழுதிருந்தால் நாம் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்போம். அவன் சிரித்ததால், அவன் அழவேண்டிய அழுகையையும் சேர்த்து நாம் அழுதோம். (கைதட்டல்)

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2019-ல் 'ஜோக்கர்' என்று ஓர் ஆங்கிலப் படம். குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்கிற படமல்ல, முன்பே சொல்லிவிடுகிறேன். அதில் ஆர்தர் என்ற ஏழை. கோமாளி வேஷம் கட்டிப் பிழைக்கிறவன். நினைக்காத நேரத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிற நோய் அவனுக்கு. மூளையில் அடிபட்டவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் இப்படி அடக்கமுடியாத சிரிப்போ அழுகையோ வருவது உண்டு; அது மருத்துவ உண்மை. ஆர்தர் பஸ்ஸில் சிரிக்கிறான். நிறுத்த முடியவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொள்கிறான், இருமுகிறான், மூச்சுத் திணறுகிறான். "தப்பா நினைக்காதீங்க, எனக்கு ஒரு கோளாறு" என்கிற மாதிரி எழுதிய ஒரு சீட்டை எடுத்து நீட்டுகிறான். சிரித்ததற்கு மன்னிப்புச் சீட்டு! வாக்கீன் ஃபீனிக்ஸ் என்ற அந்த நடிகருக்கு 2020-ல் ஆஸ்கர் விருது கொடுத்தார்கள்.

"இதெல்லாம் சினிமா. எங்க வீட்டுக்கு இதனால என்ன?" என்று கேட்பீர்கள். என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது அப்பா ஆலங்காயத்தில் புளி வியாபாரம் செய்தார். மலையிலிருந்து வரும் புளியை மொத்தமாக வாங்கி, வாணியம்பாடிக்கு அனுப்புவார். ஒரு வருஷம் கடன் வாங்கிச் சரக்குப் பிடித்தார். தப்பின மழையில் கொட்டகை ஒழுகி, மூட்டைகள் எல்லாம் நனைந்து கெட்டுப்போச்சு. கடன் கொடுத்தவர் வீட்டு வாசலுக்கு வந்தார். நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். அப்பா என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார்! "வாங்க வாங்க! புளி போனா என்ன? இந்த வருஷம் பூரா எங்க வீட்ல ரசம் கிடையாது, அவ்வளவுதானே!" என்று பெரிசாகச் சிரித்தார். வந்தவரும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எங்கப்பாவுக்கு எவ்வளவு தைரியம் என்று எனக்குப் பெருமை.

அடுப்படியில் இருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒன்றும் பேசாமல் அப்பா பக்கத்தில் போய் நின்றாள். அன்றைக்கு ராத்திரி அப்பா எங்கே எழுந்து போனாலும் பின்னாலேயே போனாள். விடியும் வரை அவள் கண்ணை மூடவில்லை.

பல வருஷம் கழித்து, நான் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, "அன்னைக்கு ஏம்மா அப்படிப் பின்னாலயே போனே?" என்று கேட்டேன். அம்மா சொன்னாள்: "உங்கப்பா சிரிச்சா கண்ணு சிரிக்கும்டா. அன்னைக்கு வாய் மட்டுந்தான் சிரிச்சுது. எனக்குப் பயமாயிடுச்சு."

துஷேன் 1862-ல் எழுதியது எங்கம்மாவுக்குத் தெரியாது. அவள் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். ஆனா அந்த ராத்திரி எங்கப்பாவைக் காப்பாத்தினது அவள் பார்வைதான். (பலத்த கைதட்டல்)

துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்னார் வள்ளுவர். மறுக்கவில்லை. அவர் வலி இல்லாதவனைப் பார்த்தா சொன்னார்? இடுக்கண் வந்தவனைப் பார்த்துத்தானே சொன்னார்! அப்படியென்றால், சிரிக்கிறவனுக்குள்ளே இடுக்கண் இருக்கலாம் என்பதைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நடுவர் அவர்களே! அழுகிறவனுக்கு ஊரே கூடி ஆறுதல் சொல்லும். சிரிக்கிறவனுக்கு யார் சொல்வார்கள்? அவனைக் கண்டுபிடிக்க நமக்குக் கண் வேண்டும். அந்தக் கண்ணை நமக்குப் பழக்கிக் கொடுத்தவன் நாகேஷ் போன்ற நடிகன். ஆகவே வேதனையை நெஞ்சில் இறக்குவது நடிகனின் சிரிப்பே என்று தீர்ப்புக் கேட்கிறேன்.

பார்த்துக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது, உங்கள் வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைக்கிறவர் ஒருவர் இருப்பாரே, அவர் சிரிக்கும்போது வாயைப் பார்க்காதீர்கள். கண்ணைப் பாருங்கள்.