கயிற்றை அவர்களே அவிழ்க்க வேண்டும்

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரின் வீட்டுக்குள் அரிவாளோடு புகுந்தவர்கள் அவருடன் ஒரே பள்ளியில் படித்த சிறுவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சாதியைச் சொல்லித் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் புகார் சொன்னதுதான் அவர் செய்த 'குற்றம்'. மறு ஆண்டு பிளஸ் டூவில் அவர் 469 மதிப்பெண் எடுத்தார். வெட்டியவர்கள் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனார்கள்.

"அவர்களும் பிள்ளைகள்தானே, உள்ளே போட்டால் திருந்திவிடுவார்களா?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். கேட்பவர்களில் நல்லவர்களும் உண்டு, ராஜி பேச வந்தவர்களும் உண்டு.

சிறுவர்களைத் தூக்கில் போடு என்று நாம் கேட்கவில்லை. பொய் வழக்கில் பிள்ளைகள் உள்ளே கிடக்கும் வேதனை சேரிக்குத் தெரியாததா? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சிறுவர்களுக்கு மனநல ஆலோசனை, சமூக சேவை, சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டு என்று வழி வைத்திருக்கிறது. கொடுங்குற்றம் செய்த 16 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அது சரியான சட்டம்தான்.

ஆனால் தானாக மனம் மாறுவது என்றால் என்ன? நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை கைக்கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு வழியாகச் சாதியைக் காட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. வேண்டியதுதான். என்றாலும் பள்ளி வாசலில் வாத்தியார் அவிழ்க்கச் சொன்ன கயிறு பைக்குள் போகும், சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மறுபடி கைக்கு ஏறும். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பரீட்சைக்குப் பஸ்ஸில் போன பதினொன்றாம் வகுப்பு மாணவரை இறக்கி விரல்களை வெட்டியதிலும் பிடிபட்டவர்கள் சிறுவர்களே.

தண்டனையே இல்லாவிட்டால் மனம் மாறுமா? அதற்கும் நம்மிடம் கணக்கு இருக்கிறது. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். எந்த அதிகாரியும் சிறைக்குப் போகவில்லை. ஆண்டுதோறும் ஆற்றில் பூப்போடுகிறோம். வருத்தம் தெரிவிக்க அந்தக் கரைக்கு வந்த அதிகாரி ஒருவரையும் நாம் பார்த்ததில்லை.

வழக்கை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வயலில் வேலை இல்லை என்று பெரிய மனிதர்கள் வாசலில் வந்து நிற்பதை மனமாற்றம் என்று சொல்லாதீர்கள். திருந்த நினைக்கும் பையனுக்கு வழி திறந்தே இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். கயிறு கட்டிவிட்டது யார், 'நம்ம ஆளுகளை எதிர்த்துப் பேசுறானா' என்று ஏற்றிவிட்டது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அவனுடைய ஊரார் பிறழ்சாட்சி ஆகாமல் கூண்டில் ஏறட்டும்.

அப்படி ஒருவன் வந்தால் அவனோடு உட்கார்ந்து பேச நாம் தயார். வழக்கு மட்டும் அதன் போக்கில் நடக்கும்.